கிரகண நாளில் வகுப்பறைக் கதவைத் திறந்து வையுங்கள்

அனுப்புநர்
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை
(பெயர், முகவரி, கையொப்பம் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
பள்ளிக் கல்வித் துறை

பொருள்: 2027 ஆகஸ்ட் 2 சூரிய கிரகணத்தைப் பள்ளி மாணவர்கள் பாதுகாப்பாகப் பார்க்க ஏற்பாடு செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 2027 ஆகஸ்ட் 2 திங்கட்கிழமை சூரிய கிரகணம். ஸ்பெயினின் தென்கோடி, மொராக்கோ, எகிப்து என்று போகும் ஒரு குறுகிய பட்டையில் இருப்பவர்களுக்கு அது முழு கிரகணம். நமக்குப் பகுதி கிரகணம்தான். நான் வேலை பார்த்த காலமெல்லாம் கிரகணம் என்றால் முந்தின நாள் சாயங்காலம் ஒரு தாள் வரும். "மாணவர்கள் எவரும் வெளியே வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று இரண்டு வரி இருக்கும். நாங்களும் கதவைச் சாத்திவிட்டு, கடமை முடிந்தது என்று உட்கார்ந்திருப்போம். இந்த முறை அப்படி வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மனு.

கதவைச் சாத்துவதால் கண் தப்பிக்கும் என்பது உண்மையில்லை. என் வலது கண்ணே அதற்குச் சாட்சி.

நான் ஒன்பதாவது படித்தபோது ஒரு பகுதி கிரகணம் வந்தது. கதவையும் ஜன்னல் பலகைகளையும் அடைத்து எங்களை உள்ளே உட்கார வைத்தார்கள். ஒரு பலகையில் ஆணி பிடுங்கிய ஓட்டை இருந்தது. அதன் வழியே வந்த வெயில் மூன்றாவது பெஞ்சின் மேல் விழும். மற்ற நாளெல்லாம் அது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். அன்று வெட்டிய நகத்துணுக்கு மாதிரி வளைந்து கிடந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பும் வருகிறது, ஆத்திரமும் வருகிறது. கிரகணமே அந்தப் பெஞ்சின் மேல்தான் கிடந்தது! சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாள் முழுக்கப் பார்த்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அதைச் சொல்லித் தர ஆள் இல்லை. "ஓட்டை வழியா பாத்தா தெரியும்டி" என்றாள் ஒருத்தி. வரிசையில் நின்று, ஆளுக்கு இருபது எண்ணும் வரை, கண்ணை ஓட்டையில் வைத்துப் பார்த்தோம். நான் இரண்டு முறை நின்றேன்.

வலிக்கவே இல்லை. மறுநாள் காலை இடது கண்ணைக் கசக்கிக்கொண்டே கரும்பலகையைப் பார்த்தேன். எந்த எழுத்தைப் பார்க்கிறேனோ அது மட்டும் காணவில்லை. அதற்கு முன்னும் பின்னும் உள்ள எழுத்துகள் அப்படியே இருந்தன. சில மாதங்களில் பாதி சரியாயிற்று, மீதி இன்னும் அப்படியே இருக்கிறது. ஊசியில் நூல் கோக்கும்போது இன்றைக்கும் வலது கண்ணை மூடிக்கொள்கிறேன்.

வலிக்காததுதான் இதில் பெரிய ஆபத்து. விழித்திரையில் வலியை உணரும் நரம்பு கிடையாது. கண்ணின் வில்லை சூரிய ஒளியைக் குவித்து, நாம் கூர்ந்து பார்க்கப் பயன்படுத்தும் நடுப்புள்ளியின் மேலேயே விழச் செய்கிறது. அங்கே உள்ள செல்கள் கெட்டுப்போனது சில மணி நேரம் கழித்து, சிலருக்கு மறுநாள்தான் தெரியும். இதற்கென்று உறுதியான சிகிச்சை இல்லை. தானாகத் தேறினால் உண்டு. 2017 ஆகஸ்ட் 21 கிரகணத்தைப் பார்த்த ஓர் இளம்பெண்ணின் விழித்திரையை நியூயார்க் மருத்துவர்கள் படமெடுத்தபோது, காயமே பிறை வடிவத்தில் பதிந்திருந்தது.

இன்னொன்றையும் தெளிவுபடுத்திவிடுகிறேன், ஏனென்றால் சுற்றறிக்கை எழுதுபவர்களே இதில் குழம்புகிறார்கள். கிரகண நாளில் சூரியனிலிருந்து தனியாக எந்த விஷக் கதிரும் வருவதில்லை. மற்ற நாளில் யாராலும் சூரியனை உற்றுப் பார்க்க முடியாது, கண் தானாக மூடிக்கொள்ளும். கிரகணத்தன்று வெளிச்சம் குறைவதால் கூச்சம் குறைகிறது, கண்மணியும் விரிந்துகொடுக்கிறது, ஆசையும் இருக்கிறது. ஆனால் மிச்சமிருக்கும் பிறையின் ஒவ்வொரு துணுக்கும் எப்போதும் போலவே எரிகிறது. நூற்றில் ஒரு பங்கு சூரியன் மட்டும் தெரிந்தாலும் அது சுமார் 4,000 பௌர்ணமி நிலவுகளின் வெளிச்சம். ஆகவே மைதானத்தில் நடமாடுவதால் ஒரு கெடுதலும் இல்லை. வெறும் கண்ணால் அண்ணாந்து பார்ப்பதுதான் கெடுதல். "வெளியே வராதே" என்கிற உத்தரவு முதலாவதைத் தடுக்கிறது, இரண்டாவதை ஜன்னல் ஓட்டைக்கு அனுப்புகிறது.

இந்த முறை எனக்குக் கூடுதலாக ஒரு பயம் உண்டு. எகிப்தின் லக்சர் பக்கம் அன்று 6 நிமிடத்துக்கு மேல் சூரியன் முழுக்க மறைகிறது. முழுதாக மறைந்த அந்த நிமிடங்களில் மட்டும் வெறும் கண்ணால் பார்க்கலாம், அங்கே எல்லோரும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஆரவாரம் செய்வார்கள். அந்தக் காட்சி உடனுக்குடன் நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வந்துவிடும். "அவங்க பாக்குறாங்க, நாம பாத்தா என்ன?" என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். நமக்கு அந்த நிமிடம் வரவே வராது, தொடக்கம் முதல் கடைசி வரை ஒரு நொடிகூட வெறும் கண்ணுக்கு இடமில்லை. சுற்றறிக்கையில் வேறு எது விட்டுப்போனாலும் இந்த ஒரு வரி தடித்த எழுத்தில் இருக்க வேண்டும்.

சரி, என்ன செய்யலாம்? கிரகணக் கண்ணாடி வாங்குவதாக இருந்தால் ஐஎஸ்ஓ 12312-2 என்ற தரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். அந்த எண்ணை யார் வேண்டுமானாலும் அட்டையில் அச்சடித்துவிடலாம் என்பதால், துறையே சோதித்து வாங்கிக் கொடுப்பது நல்லது. பள்ளிக்கு வந்தபின் ஆசிரியரும் ஒரு முறை பார்த்துவிடலாம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டால் வகுப்பறையில் எதுவுமே தெரியக் கூடாது, கரும்பலகையும் ஆட்களும் மங்கலாகவாவது தெரிந்தால் அது தேறாது. கீறலோ ஊசி ஓட்டையோ இருந்தால் கிழித்துப் போட்டுவிட வேண்டும். பிள்ளைக்கு ஒன்று என்று வாங்க வேண்டியதில்லை. சில நொடி பார்த்துவிட்டுக் கை மாற்றினால் வகுப்புக்குப் பத்து போதும். போட்டபிறகு அண்ணாந்து, குனிந்தபிறகு கழற்ற வேண்டும், அவ்வளவுதான். பைனாகுலர், தொலைநோக்கி பக்கம் இந்தக் கண்ணாடியோடு போகவே கூடாது. குவிந்து வரும் ஒளி அந்த வடிகட்டியையே பொசுக்கிவிடும். அவற்றுக்கு முன்வாயில் பொருத்தும் தனி வடிகட்டி உண்டு.

எக்ஸ்ரே ஃபிலிம், புகை பிடித்த கண்ணாடி, சிடி இவை ஒன்றும் ஆகாது. வெளிச்சம் மங்கலாகத் தெரிவதை வைத்துப் பாதுகாப்பு என்று நினைக்கிறோம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். தண்ணீரில் தெரியும் சூரியனைப் பார்க்கலாம் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். தரமான கிரகணக் கண்ணாடி லட்சத்தில் மூன்று பங்கு ஒளியைத்தான் உள்ளே விடும். அசையாத தண்ணீர் குறைந்தபட்சம் நூற்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பும். அறுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்! நியூட்டனே இளவயதில் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிந்த சூரியனைப் பார்த்துவிட்டு, கண் தேறுவதற்காக மூன்று நாள் இருட்டறையில் அடைந்து கிடந்தார்.

கண்ணாடி வாங்கப் பணம் இல்லையென்றாலும் பரவாயில்லை, சொல்லப்போனால் எனக்குப் பிடித்தது அது இல்லாத வழிதான். ஓர் அட்டையில் ஆணியால் ஓட்டை போட்டு, சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, சுவரில் விழும் பிம்பத்தைப் பார்ப்பது. ஓட்டைக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய நூற்றெட்டில் ஒரு பங்குதான் பிம்பத்தின் குறுக்களவு. இன்னும் பெரிதாக வேண்டுமா? ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியைத் தாளால் மூடி, நடுவில் பொத்தான் அளவு இடம் விட்டு, ஒரு ரப்பர் பந்தில் ஒட்டி, வாய் அகன்ற டப்பாவின் மேல் வைத்துத் திருப்பினால், 20 மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் ஒரு சாண் அகலத்துக்குச் சூரியன் விழும். கண்ணாடியைப் பார்க்காமல் சுவரை மட்டும் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் ஐம்பது பேர் பார்க்கலாம், யாருக்கும் அண்ணாந்து பார்க்கிற ஆசையே வராது. மர நிழலில் இலை இடுக்கு ஒவ்வொன்றும் இதே வேலையைச் செய்யும், தரை முழுக்கப் பிறைகள்.

ஆகவே நான் வேண்டுவது இதுதான். சுற்றறிக்கை முந்தின நாள் வராமல், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும்போதே வர வேண்டும். அதில் "வெளியே விடாதீர்கள்" என்பதற்குப் பதில் "ஆசிரியர் மேற்பார்வையில் பார்க்கச் செய்யுங்கள்" என்று இருக்க வேண்டும். அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும், அட்டையும் பந்தும் அவர்களே செய்துவிடுவார்கள். கிரகண நேரம் பள்ளி விடும் நேரத்தைத் தாண்டிப் போனால், வீட்டுக்குப் போகும் வழியில் பிள்ளைகள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். அப்புறம், அடுத்த இரண்டு நாளும் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையைப் படிக்கச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்து காணவில்லை என்றோ கோடு நெளிகிறது என்றோ சொன்னால், திட்டாமல் உடனே கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். திட்டுவார்களே என்று பயந்து நான் ஒரு மாதம் சொல்லாமல் இருந்தேன்.

மனுவோடு ஓர் அட்டை இணைத்திருக்கிறேன், நடுவில் 2 மில்லிமீட்டர் ஓட்டை. இதற்கு ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டாம். தங்கள் அறை ஜன்னலில் வெயில் வரும்போது சூரியனுக்கு முதுகைக் காட்டி, சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வட்டமாக விழுவது சூரியன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை

இணைப்பு: ஓட்டையிட்ட அட்டை – 1