போஸ்னியா: மதப் பகையா, நிலத் தகராறா?

ஆசிரியருக்கு,

போஸ்னியா பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, 1990களின் போரை 'நூற்றாண்டுகளாகப் புகைந்த மதப் பகை' என்று சொல்லி முடித்துவிட்டது. வருத்தமாக இருந்தது. 1463இல் உதுமானியர் எனும் துருக்கியப் பேரரசின் வசமான போஸ்னியா, 1580 முதல் தனி மாகாணமாக ஆளப்பட்டது. 1875இல் அதன் தென்பகுதியான ஹெர்சகோவினாவில் வெடித்த கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம், முந்தைய ஆண்டு விளைச்சல் பொய்த்த பிறகும் வரி வசூலிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் உழவர்களை நெருக்கியதுதான். நிலவுடைமையாளர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். உழுதவர்களில் பெரும்பாலோர் கிறித்தவர்கள். நிலத் தகராறு மதச் சாயம் பெற்றது அப்படித்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் போஸ்னியத் தலைநகர் சரயேவோ சென்றிருந்தபோது, 1531இல் எழுந்த காஜி ஹுஸ்ரெவ் பேக் பள்ளிவாசலிலிருந்து பழைய யூத ஆலயத்துக்கும், அங்கிருந்து பழைய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்துக்கும் சில நிமிடங்களில் நடந்தே போனேன். தீராப் பகை கொண்டவர்கள் இத்தனை நெருக்கமாகவா கட்டியிருப்பார்கள்? அந்தப் போரில், 1992 மே மாதக் குண்டுவீச்சில், கீழைநாட்டு மொழிகளையும் வரலாற்றையும் ஆய்ந்துவந்த அந்நகரின் கீழைத்தேயவியல் நிறுவனம் எரிந்து, 5,000க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகளும் உதுமானிய மாகாண ஆவணங்களும் அழிந்தன. இஸ்தான்புல் காப்பகத்தில் உள்ள உதுமானிய வரிப் பதிவேடுகளைப் படித்தறிந்த ஆய்வாளர் ஒருவரைக் கொண்டு, அம்மாகாணத்தின் நில வரலாற்றை எழுதச் செய்து வெளியிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், திருச்சி