எலும்பு முறிந்த பிறகும் கால்சியம் மாத்திரை மட்டும்தானா?

தமிழ்நாட்டின் குடும்ப மருத்துவர்களுக்கு வணக்கம்.

எலும்பு முறிவுப் பிரிவில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். இடுப்பெலும்பு முறிந்து வரும் வயதானவர்களிடம், முன்பு எங்காவது எலும்பு உடைந்ததா என்று கேட்பேன். "கை மணிக்கட்டு உடைஞ்சுது, மாவுக்கட்டு போட்டாங்க, சரியாப் போச்சு" என்று பல அம்மாக்கள் சொல்கிறார்கள். வழுக்கி விழுந்ததற்கே எலும்பு ஏன் உடைந்தது என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. அறுவை சிகிச்சை செய்தவர் முறிவைச் சரிசெய்து அனுப்பிவிடுகிறார். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் அவர்கள் வருவது உங்களிடம்தான். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஐம்பதைத் தாண்டியவர் நின்ற இடத்தில் விழுந்து இடுப்பையோ முதுகெலும்பையோ முறித்துக்கொண்டால், புற்றுநோய் போன்ற வேறு காரணம் இல்லாதபட்சத்தில், அதை எலும்புப்புரை (எலும்பு மெலிந்து பலவீனமாகும் நோய்) என்றே கொள்ளலாம் என்கின்றன நெறிமுறைகள். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. மணிக்கட்டு முறிவு என்றால், இனி எலும்பு முறியும் ஆபத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். ஷெஃபீல்டு பல்கலைக்கழகம் 2008-இல் வெளியிட்ட ஃபிராக்ஸ் கணிப்பானில் இந்தியாவுக்கென்று தனிக் கணக்கு இருக்கிறது. வயது, எடை, பழைய முறிவு, ஸ்டீராய்டு போன்ற விவரங்கள் போதும். ஸ்கேன் இல்லாமலேயே அடுத்த 10 ஆண்டு ஆபத்தைச் சொல்லிவிடும். ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ மூன்று மாதத்துக்கு மேல் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களையும் விட்டுவிடாதீர்கள்.

கால்சியமும் வைட்டமின் டியும் வேண்டும்தான். ஆனால் ஒருமுறை முறிந்த எலும்புக்கு அவை மட்டும் போதாது. சிறுநீரகத்தையும் ரத்தக் கால்சியத்தையும் பார்த்துவிட்டு, எலும்பு மேலும் கரையாமல் தடுக்கும் மருந்தாக, வாரம் ஒருமுறை அலெண்ட்ரோனேட் 70 மி.கி. மாத்திரை அல்லது ஆண்டுக்கொரு சோலெட்ரோனிக் ஊசி தொடங்கலாம்.

அலெண்ட்ரோனேட் மாத்திரை எழுதுவதைவிட அதைப் போடும் முறையைச் சொல்லித்தருவது முக்கியம். நம் வீடுகளில் எழுந்ததும் காபிதான். காபியோடு போட்டால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் சாதாரணத் தண்ணீரோடு போட்டு, அரை மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், படுக்காமல் இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நெஞ்செரிச்சல் வந்து மாத்திரையையே நிறுத்திவிடுகிறார்கள். எலும்புப்புரைக்கே ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை எடுப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: தவணை தள்ளிப்போனாலோ, மாற்று மருந்து இல்லாமல் நிறுத்தினாலோ, முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கக்கூடும்.

பிரஷர் பார்க்கும்போதே "விழுந்தீர்களா, எங்காவது எலும்பு உடைந்ததா?" என்று கேளுங்கள். உயரத்தையும் அளந்து எழுதிவையுங்கள். இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தால் முதுகுக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். வலியே தெரியாத முறிவுகள் அதில்தான் தெரியும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் எலும்புப்புரை சிகிச்சை பற்றி ஒரு வரியாவது எழுதுங்கள் என்று இங்கே நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். அந்த வரி இல்லாமல் யாராவது உங்களிடம் வந்தாலும், தயவுசெய்து நீங்களே தொடங்கிவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பிசியோதெரபிஸ்ட்