என் அட்டையில் உள்ள 'ஏ1' பற்றி ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் போன புதன்கிழமை நடந்தது இதற்குள் உங்கள் காதுக்கு வந்திருக்கும். நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். மருந்தாளுநர் எழுந்து வந்தார், வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், "மாசமா இருக்கிற பொண்ணு இப்படிக் கத்தலாமா" என்று ஒரு பாட்டி கையைப் பிடித்து உட்கார வைத்தார். சத்தம் போட்டதற்கு அங்கேயே மன்னிப்புக் கேட்டுவிட்டேன். கேட்ட விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கவில்லை. அதை இப்போது நிதானமாக எழுதிக் கேட்கிறேன்.

முன்பு ஒரு கருவை இழந்த பெண் நாள் தள்ளிப்போய் வந்து நின்றால், அவளுக்கு பீட்டா ஹெச்சிஜி (கர்ப்பத்தில் சுரக்கும் ஹார்மோனின் அளவைச் சொல்வது) ரத்தப் பரிசோதனையை 48 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை செய்ய ஏற்பாடு பண்ணுங்கள். இலவசமாக, நம் மாவட்டத்து சுகாதார நிலையங்களிலேயே. அவ்வளவுதான் கோரிக்கை.

புதன்கிழமை என் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். ஏற்கெனவே இரண்டு முறை கரு தங்காமல் போயிருக்கிறது. இந்த முறை நாள் தள்ளி ஐந்து நாள். "ரத்தத்துல ஒரு டெஸ்ட் இருக்கு, கேட்டுப் பாரு" என்று சொல்லிக்கொடுத்தது நான்தான். அவளும் கேட்டாள். "அதெல்லாம் இங்க இல்லம்மா, 45 நாள் ஆகட்டும், ஸ்கேனுக்கு வா" என்று பதில் வந்தது, அதாவது கடைசி மாதவிலக்கிலிருந்து 45 நாள். சரி, இல்லாததை இல்லை என்றார்கள், அதில் தப்பில்லை. அதற்கு அடுத்த கேள்விதான் என்னை எழுப்பிவிட்டது. நோட்டில் எழுதுவதற்காக, நாற்பது பேர் முன்னால் கேட்டார்கள்: "முன்னாடி ரெண்டும் கலைச்சியா, கலைஞ்சுதா?"

தமிழில் இந்த இரண்டு சொல்லுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டவருக்கும் தெரியாமல் இருக்காது. அந்தப் பெண் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய மாமியார்தான் பதில் சொன்னார், அதுவும் இவளைப் பார்த்துக்கொண்டே. என்னிடமும் போன வருஷம் இதே கேள்வியைக் கேட்டார்கள். எனக்குக் கருக்குழாயிலேயே கரு தங்கி, குழாய் வெடித்து, வயிற்றைக் கிழித்து அறுவை செய்து, பத்து நாள் கழித்துத் தையலோடு வந்திருந்தேன். கலைச்சியா, கலைஞ்சுதா. இரண்டும் இல்லை, வெடித்தது என்று சொன்னேன். நோட்டில் அதற்குக் கட்டம் இல்லை. அதனால் 'ஏ1' என்று எழுதினார்கள்.

இந்த ஏ1 என்னவென்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. என்னோடு இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஜி என்றால் எத்தனையாவது கர்ப்பம், பி என்றால் எத்தனை பிரசவம், ஏ என்றால் அபார்ஷன், அதாவது எத்தனை போனது. நான் ஜி2 பி0 ஏ1. எங்கள் ஊரில் டீ நன்றாக இருந்தால் 'ஏ-ஒன்' என்போம். அட்டையை முதல்முறை பார்த்தபோது என் கணவர், ஏதோ நல்ல மார்க் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். நானும் திருத்தவில்லை.

கேள்வி என்னவென்றால், அந்த ஏ1-ஐ எதற்காக எழுதுகிறீர்கள்? எழுதிய பிறகு அதை வைத்து யார் என்ன செய்கிறார்கள்?

போன வருஷம் எனக்கு நடந்தது மருத்துவ அதிசயம் எதுவும் இல்லை. நாள் தள்ளியது, மெடிக்கலில் கார்டு வாங்கிப் பார்த்தோம், இரண்டு கோடு. வலது அடிவயிற்றில் சுருக்சுருக்கென்று இருந்தது. வாயு என்றார்கள், ஓமத் தண்ணீர் குடித்தேன். 46ஆவது நாள் தோள்பட்டை வலித்தது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் தோளில் வலிக்கும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். அன்று தெரியாது, தைலம் தேய்த்துவிட்டார்கள். சாயங்காலம் குழாயடியில் மயங்கி விழுந்தேன். 108 வந்ததால் இந்தக் கடிதம் எழுதுகிறேன். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள், வலது குழாய் போய்விட்டது.

சிறுநீரில் பார்க்கும் அந்தக் கார்டு இரண்டு கோடு காட்டும், அதோடு அதன் வேலை முடிந்தது. ஹெச்சிஜி சுமார் 25 யூனிட்டைத் தாண்டினால் உண்டு என்று சொல்லும். எவ்வளவு உண்டு, கூடுகிறதா, தேங்கி நிற்கிறதா என்று சொல்லாது. ரத்தத்தில் பார்த்தால் அளவு தெரியும். நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள், அதனால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. ஒரு நாள் இருப்பை மட்டும் பார்த்து வியாபாரம் எப்படிப் போகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்றைய இருப்பும் நாளை மறுநாள் இருப்பும் வேண்டும். நன்றாக வளரும் கருவில், ஆரம்ப வாரங்களில் இந்த அளவு பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. 48 மணி நேரத்தில் குறைந்தது பாதியளவாவது கூடவில்லை என்றால் கவனிக்க வேண்டும். கரு தங்காமல் போகலாம், அல்லது கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். எங்கே தங்கியிருக்கிறது என்று ரத்தம் சொல்லாது, அதற்கு ஸ்கேன்தான் வேண்டும். ஆனால் யாரை அவசரமாக ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும், யார் 45ஆவது நாள் வரை காத்திருக்கலாம் என்பதை ரத்தம் ஓரளவு சொல்லும்.

ஒருமுறை குழாயில் கரு தங்கியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு மறுபடியும் அப்படி ஆகலாம் என்கிறார்கள். வெடிப்பதற்கு முன்னால் தெரிந்தால் பல பேருக்குக் கரு வளர்வதை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசியிலேயே முடிந்துவிடும், குழாயும் தப்பும். என்னிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு குழாய். அதை நான் 45ஆவது நாள் வரை கடவுள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு விட்டுவைக்க வேண்டுமா?

இந்த முறை நாள் தள்ளிய நான்காம் நாளே உங்கள் நிலையத்துக்கு வந்தேன். சுவரில் பெரிதாக எழுதியிருக்கிறது, 12 வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள், சீக்கிரம் வாருங்கள் என்று. உள்ளே, "ஏம்மா இவ்ளோ சீக்கிரம் வந்துட்டே" என்றார்கள். சுவரும் செவிலியரும் ஒருநாள் உட்கார்ந்து பேசிக்கொண்டால் நல்லது.

அப்புறம் 38 கிலோமீட்டர் தள்ளி டவுனில் இருக்கும் தனியார் லேபுக்குப் போனோம். பத்தரைக்குள் ரத்தம் கொடுத்தால்தான் அன்றைய வண்டியில் போகும். ஒரு தடவைக்கு 700 ரூபாய். என் கணவர் மினி டெம்போ ஓட்டுகிறார், இரண்டு நாள் வண்டி எடுக்கவில்லை. முதல் அளவு 412. அதற்கடுத்த இரண்டு நாள் நான் எப்படி இருந்தேன் என்று எழுதத் தெரியவில்லை. வலது பக்கம் குழாயே இல்லை, ஆனாலும் வலது பக்கம்தான் வலிப்பது போல இருந்தது. தும்மல் வந்தால் அடக்கிக்கொண்டேன். கழிவறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன், ஒவ்வொரு முறையும் உள்ளாடையில் கறை இருக்குமோ என்று பார்க்க வேண்டுமே. கருவை இழந்தவர்கள் எல்லோரும் இப்படிப் பார்ப்பார்கள், யாரும் யாரிடமும் சொல்லமாட்டார்கள். இரண்டாவது ரிசல்ட் வாட்ஸப்பில் வந்தபோது கடையில் இருந்தேன். 951. நம்பாமல் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன், 131 சதவீதம் கூடியிருந்தது. அன்றைக்கு எழுதிய பேரேட்டில் இரண்டு இடத்தில் தப்பு, முதலாளி ஒன்றும் சொல்லவில்லை.

ஆறரை வாரத்தில் ஸ்கேன் பார்த்தோம். கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது. இப்போது ஒன்பது வாரம் முடிந்திருக்கிறது.

அந்த இரண்டு ரிசல்ட்டையும் போன புதன் உங்கள் நிலையத்தில் காட்டினேன். "வெளியில எடுத்தது, கம்ப்யூட்டர்ல ஏத்த இடம் இல்ல" என்று திருப்பித் தந்தார்கள். என்னால் 1,400 ரூபாய் புரட்ட முடிந்தது. பக்கத்தில் இருந்தவளால் முடியாது. அதனால்தான் சத்தம் போட்டேன்.

நம் ஊரில் கர்ப்பிணிகளுக்கு அரசு ஒன்றும் செய்யவில்லை என்று நான் சொல்லவரவில்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் தருகிறீர்கள். முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் பெயரில் 18,000 ரூபாய்க்கு உதவி இருக்கிறது, பெட்டகத்தில் பேரீச்சம்பழமும் நெய்யும் டானிக்கும் வருகின்றன. சமுதாய வளைகாப்பு வைத்து, கை நிறைய வளையல் போட்டு, கலவை சாதம் போட்டு, போட்டோவும் எடுக்கிறீர்கள். எல்லாம் நல்லதுதான், எனக்கும் வளையல் போட்டுக்கொள்ள ஆசைதான். ஆனால் பாருங்கள், ஏழாம் மாதத்தில் மேளதாளத்தோடு வரும் அரசாங்கம் ஐந்தாம் வாரத்தில் வாசலில் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. வயிறு தெரிந்தால்தான் நாங்கள் கர்ப்பிணிகளா? சர்க்கரைக்காரர்களைத் தேடி வீட்டுக்கே மருத்துவம் போகிறது. நாங்கள் தேடி வந்தால் 45ஆவது நாள் வரச் சொல்கிறீர்கள்.

2018-20 கணக்கில் தமிழ்நாட்டின் தாய்மார் இறப்பு விகிதம் லட்சம் உயிர்ப் பிறப்புக்கு 54, நாட்டின் சராசரி 97. எந்தக் கூட்டத்திலும் இதைச் சொல்வீர்கள், சொல்லவும் வேண்டும். கரு எந்த இடத்தில் தங்கியிருந்தாலும், எத்தனை வாரமானாலும், அதனால் ஒருத்தி செத்தால் அது அந்தக் கணக்கில்தான் சேரும். போன வருஷம் 108 இருபது நிமிஷம் தாமதமாக வந்திருந்தால் உங்களுடைய அந்த நல்ல கணக்கில் நானும் ஒரு எண்ணாகியிருப்பேன்.

மன்னியுங்கள், எங்கேயோ போய்விட்டேன். கேட்க வந்தது இரண்டு முறை ரத்தப் பரிசோதனை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பாதியை அங்கேயே சொல்லிவிட்டார்கள். முதலாவது, இந்த டெஸ்ட் எடுத்தால் மட்டும் கரு நிற்குமா என்கிறார்கள். நிற்காது. தங்காத கருவை எந்த ரத்தப் பரிசோதனையும் தங்க வைக்காது, நான் அதற்காகக் கேட்கவில்லை. போவதாக இருந்தால் முன்னாலேயே தெரியட்டும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருந்துகொள்ளலாம், நெகட்டிவ் ரத்தப் பிரிவாக இருந்தால் அடுத்த கருவைக் காக்கும் ஆன்ட்டி-டி ஊசிக்குத் தயாராக இருக்கலாம், அந்த நேரத்தில் தனியாக வயலில் நிற்காமல் இருக்கலாம். அடுத்தது, எண்ணைப் பார்த்துப் பெண்கள் வீணாகப் பயப்படுவார்கள் என்கிறார்கள். ஐயா, அம்மா, நாங்கள் இப்போது பயமில்லாமல் இருப்பதாக உங்களுக்கு யார் சொன்னது?

மூன்றாவது, மெஷின் இல்லை என்பது. இது நியாயம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த அளவைப் பார்க்கும் மெஷின் இருக்காது, இருக்கவும் வேண்டாம். ரத்தம் எடுக்க ஊசியும் லேப் டெக்னீசியனும் இருக்கிறார்கள். ஹீமோகுளோபின், ரத்தப் பிரிவு, சர்க்கரை, எச்ஐவி என்று எங்களிடம் எடுக்கத்தானே செய்கிறீர்கள். எடுத்து, அதன் தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து, குளிர்ப் பெட்டியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை லேபுக்கு அனுப்பினால் போதும். காசநோய்க்குச் சளி மாதிரி இப்படித்தானே பயணம் போகிறது? புதன்கிழமை தடுப்பூசி பனிக்கட்டிப் பெட்டியில் வருகிறதே? தடுப்பூசிப் பெட்டியில் ரத்தத்தை வைக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும், இன்னொரு பெட்டி வாங்குங்கள் என்கிறேன். புதன் ஒருமுறை, வெள்ளி ஒருமுறை. 48 மணி நேரம் சரியாக வரும்.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் கேட்கவில்லை. அட்டையில் ஏ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பூஜ்யத்தைத் தவிர வேறு எண் இருப்பவர்களுக்கு மட்டும். அந்த எண்ணை எழுதிவைக்கும் பழக்கம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்றும், காசு செலவில்லாதது. அந்தக் கேள்வியைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கச் சொல்லுங்கள். முடிந்தால் வேறு சொல்லில் கேட்கச் சொல்லுங்கள். எங்கள் கிராம சுகாதார செவிலியர் அம்மா "முன்னாடி ஏதும் தங்காமப் போச்சாம்மா?" என்று கேட்பார். அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்தப் பெண்ணின் ஃபோன் நம்பர் என்னிடம் இருக்கிறது. இன்றோடு அவளுக்கு நாள் தள்ளிப் பத்து நாள். வரும் புதன்கிழமை காலை அவளை மறுபடி கூட்டிக்கொண்டு வருகிறேன், சத்தம் போடமாட்டேன். அதற்குள் ஒரு உத்தரவு போட முடியுமா என்று தயவுசெய்து பாருங்கள். முடியாவிட்டால், மாவட்ட மருத்துவமனை லேபில் அவள் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டாவது எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்துக் கர்ப்பிணி ஒருத்தி
ஜி2 பி0 ஏ1