குணமானவரை நீதிமன்றம் மறக்கலாமா?

ஆசிரியருக்கு,

மனநோயுள்ள கைதிகளுக்கான சிகிச்சை குறித்த தங்கள் தலையங்கம், சிறைகளில் மருத்துவர் பற்றாக்குறையைச் சரியாகவே சுட்டியது. ஆனால் சிகிச்சை முடிந்தபின் நேரும் தாமதத்தை அது தொடவில்லை. 1951இல் கைதான அசாமின் மசாங் லாலுங், விசாரணையே இன்றித் தேஜ்பூர் மனநல மருத்துவமனையிலும் பின்னர் சிறையிலுமாக 54 ஆண்டுகள் அடைபட்டிருந்தார். அவர் தேறிவிட்டதாக மருத்துவமனை 1967லேயே தெரிவித்தும் 2005இல்தான் விடுதலையானார். மாநிலத்துக்கு ஒரு சிறையிலேனும் மனநல சிகிச்சைப் பிரிவு அமைய வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 103ஆவது பிரிவு. நல்லதுதான், கட்டில்கள் கூடினால் மட்டும் கோப்புகள் நகர்ந்துவிடுமா?

வழக்கறிஞராக நான் நடத்திய ஒரு வழக்கில், விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் கட்சிக்காரர் இருப்பதாக வந்த மருத்துவச் சான்றிதழ் எட்டு மாதங்கள் கோப்புக் கட்டுக்குள்ளேயே கிடந்தது. வழிக்காவலுக்குப் போலீசார் இல்லை என்று வாய்தாவுக்கு மேல் வாய்தா போனதில், சிறைக்குத் திரும்பியிருந்த அவருக்கு மாத்திரை தடைபட்டு நோய் மீண்டும் முற்றியது. மாவட்ட நீதிபதி தலைமையிலான விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு, இத்தகையோரின் பெயர்களைத் தனிப் பதிவேட்டில் வைத்து, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மருத்துவ அறிக்கை பெற்று, தேறியவரை 15 நாள்களுக்குள் காணொலி வழியாகவேனும் நீதிமன்றத்தில் முன்னிலைப்படுத்த உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டும்.

ஓய்வுபெற்ற வழக்கறிஞர், திருச்சிராப்பள்ளி