வெண்டைச் செடி பற்றி சாந்திக்கு

அன்புள்ள சாந்தி,

உன் கடிதத்தைப் படித்ததும் நேரே மாடிக்குப் போய் என் வெண்டைச் செடிகளைப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். இலையில் நரம்பு மட்டும் வலை பின்னினாற்போல மஞ்சளாகிறது என்றாயே, அது சத்துக் குறைவு இல்லை. மஞ்சள் நரம்புத் தேமல் என்னும் வைரஸ் நோய், வெள்ளை ஈ பரப்புவது. வந்த செடியைக் காப்பாற்ற வழி கிடையாது. யோசிக்காமல் இன்றைக்கே வேரோடு பிடுங்கி வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போடு.

போன வருஷம் நானும் உன்னைப் போலத்தான், பூ விட்ட செடியைப் பிடுங்க மனசு வராமல் மண்புழு உரம், பஞ்சகவ்யம் என்று மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூன்று வாரத்துக்குள் பன்னிரண்டு பைகளில் வைத்திருந்த செடிகளும் போயின. காய்த்த நாலைந்து காயும் வெளிறி, கட்டையாக இருந்தன. ரொம்ப நாள் அந்தப் பக்கமே போகவில்லை. இந்த ஆடியில் திரும்ப விதைத்தபோது இரண்டு செடியில் தேமல் தெரிந்த அன்றே பிடுங்கிவிட்டேன். வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கொள்ள மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிக் கட்டியிருக்கிறேன், வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கம் நனைய வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கிறேன். மற்ற பத்தும் நன்றாக நிற்கின்றன.

இன்னொன்று, நாற்று விட்டு மாற்றி நடாதே. ஆணிவேர் நேரே கீழே இறங்கும் செடி அது, பிடுங்கி நட்டால் தேறாது. விதையை ராத்திரி ஊறப்போட்டு நேராகப் பையிலேயே ஊன்று.

நாற்பது, நாற்பத்தைந்து நாளில் பூத்துவிடும். காலையில் வந்து பார், வெளிர்மஞ்சள் இதழ், உள்ளே அடியில் கருஞ்சிவப்பு. சாயங்காலம் சுருங்கிவிடும். அதிலிருந்து ஐந்தாறு நாளில் காயைப் பறித்துவிட வேண்டும். ஒரு நாள் ஊருக்குப் போய்வந்தால்கூட நாராகிவிடுகிறது, அப்புறம் செடியும் புதிதாகக் காய்க்கச் சோம்பும். சுணை கையில் அரிக்கும், அதனால் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு பறி.

வெண்டைக்காயை வதக்கினால் கொழகொழவென்று வருகிறது என்று எழுதியிருந்தாய். அரிந்த பிறகு கழுவுகிறாயா? முழுக் காயாகக் கழுவி, துணியால் துடைத்து, அரைமணி நேரம் காற்றாட விட்டுவிட்டு அரி. அந்தக் கொழகொழப்பு தண்ணீர் பட்டால்தான் இளகி வெளியே வரும். வாணலியை மூடாதே, உப்பைக் கடைசியில் போடு, பாதி வதங்கும்போது ஒரு கரண்டி புளித்தண்ணீர் தெளி. அம்மா தயிர் விடுவாள், அதுவும் சரிதான். நேற்றுப் பறித்த பதினோரு காயை எண்ணெயில் வதக்கி மோர்க்குழம்பில் போட்டேன். அத்தைக்கு இப்போது பல் வலுவில்லை, எதைச் செய்தாலும் ஒதுக்கிவிடுவார். நேற்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சின்னவன் பரீட்சை முடித்துவிட்டான். மற்றபடி எல்லோரும் சௌக்கியம்.

இருப்பதிலேயே திடமான செடியில் மூன்று காயைப் பறிக்காமல் முற்ற விட்டிருக்கிறேன். ஹைப்ரிட் இல்லை, நாட்டு ரகம். காய்ந்து வெடிக்கத் தொடங்கியதும் விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி அனுப்புகிறேன், தைப்பட்டத்துக்கு நீ போடலாம். அதற்குள் அந்த மஞ்சள் செடியைப் பிடுங்கிவிட்டாயா என்று மட்டும் எழுது.

உன்,
மல்லிகா