செவ்வாய்க்கிழமை லீவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். எதிர் வீட்டு அக்காவின் பையன் வியாழக்கிழமை திருச்சியில் விமானம் ஏறுகிறான். பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, ஒரு கிலோ முந்திரி எல்லாம் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். முந்திரி கடையில் வாங்கியதில்லை, பண்ருட்டிச் சித்தி கொடுத்தது. இந்தக் கடிதம் பருப்புப் பொடிக்கு அடியில் இருக்கும். போனில் பேசலாமே என்பாய். போன் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார்.

வேளைக்குச் சாப்பிடு. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் முழித்துக்கொண்டிருக்காதே.

ஊருக்கு வந்ததிலிருந்து நீ எங்களைச் சிங்கப்பூரில் சுற்றிக்காட்டிய அந்தச் செவ்வாய்க்கிழமையைப் பற்றித்தான் வருகிறவர்களிடமெல்லாம் பேச்சு. வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் அந்தச் சிங்க மீன் சிலையின் படத்தை அப்பா தெரு முழுக்கக் காட்டியாயிற்று. 1972இல் வைத்தது, 2002இல் இடம் மாற்றினார்கள் என்று நீ சொன்னதை வரி விடாமல் சொல்கிறார். ரயிலில் தமிழில் அறிவிப்பு வந்ததும் எழுந்து நின்றே கேட்டாரே, அதையும் சொல்கிறார். என் பிள்ளை கையைப் பிடித்து அழைத்துப் போனான், கூட்டத்தில் எனக்கு இடம் பிடித்துக் கொடுத்தான் என்று நான் சொல்கிறேன். அந்தப் பெருமை எனக்கு இல்லாமல் இல்லை.

எனக்கு மனதில் நிற்பது சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில்தான். 1827இல் வந்த கோயில், முதலில் மரமும் கூரையுமாகத்தான் இருந்தது, நம் கடலூர், நாகப்பட்டினம் பக்கத்து ஆட்கள் போய்க் கட்டியது என்று நீ சொன்னதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. கப்பலேறிப் போனவர்களுக்கு அங்கே யார் இருந்திருப்பார்கள்? ஊர் அம்மனைக் கூடவே கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். பக்கத்தில் ஒரு சீனத்து அம்மாள் நம்மைப் போலவே கைகூப்பி நின்றாள். அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் நீ கண்ணை மூடி நிற்கிறாய். நாங்கள் சுற்றி முடித்து வந்த பிறகும் அப்படியே நின்றாய். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்குப் பாடலீஸ்வரர் சந்நிதியில்கூட நீ அவ்வளவு நேரம் நின்றதில்லை.

சாயங்காலம் அந்தக் கண்ணாடி மண்டபத்துக்குள் 35 மீட்டர் அருவி விழுகிறது என்று மருமகள் வழியெல்லாம் ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நீ டிக்கெட் விலைப் பலகையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாய். பிறகு, "கூட்டமா இருக்கும்மா, வெளியிலயே நல்லா இருக்கும்" என்றாய். மருமகள் உன் முகத்தைப் பார்த்தாள், மறுபேச்சுப் பேசவில்லை. கூட்டமே இல்லை தம்பி.

வெளியிலும் நன்றாகத்தான் இருந்தது. 50 மீட்டர் உயரம் வரைக்கும் இரும்பு மரங்கள். ஏழே முக்காலுக்குப் பாட்டோடு விளக்குகள் எரிய ஆரம்பித்ததும் எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்துப் பார்த்தார்கள். நாங்களும் படுத்தோம். அப்பாவின் தலைக்கு உன் பையை வைத்தாய். அதற்குள் உனக்கு ஒரு போன் வந்தது. மரத்துக்கு அந்தப் பக்கம் போனவன், விளக்கெல்லாம் அணைந்த பிறகுதான் வந்தாய். குட்டிப்பயல் என் கையில் தலை வைத்துப் படுத்திருந்தான். அவன் கழுத்தில் உன் ஆபீஸ் நீல நாடா. தினமும் காலையில் கழுத்தில் மாட்டிக்கொண்டு போவாயே, அதுதான். கார்டு தொங்குகிற கொக்கியில் ஒரு பொம்மை பஸ்ஸை மாட்டியிருந்தான். "அப்பா எனக்கே குடுத்துட்டாங்க பாட்டி" என்றான். சரி என்றேன்.

நல்ல தண்ணீராக நிறையக் குடி. பன்னிரண்டு மணிக்கு மேல் முழிக்காதே.

எதிர் வீட்டுப் பையன் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னான். வேலை பாஸ் ரத்தாகிவிட்டால் அங்கே 30 நாள்தான் இருக்கலாமாமே. அவன் சிநேகிதனுக்கு அப்படி ஆயிற்றாம். உன்னைப் பற்றிப் பேச்சே இல்லை, பொதுவாகச் சொன்னான். நாங்கள் வந்து இன்றோடு பதினாறு நாள். இந்தப் பதினாறு நாளில் நீ மூன்று முறை பேசினாய். மூன்று முறையும் "நல்லா இருக்கோம்மா, வைக்கட்டுமா" என்றாய். அப்பா பிறந்தநாளை நீ இதுவரை மறந்ததில்லை. இந்தத் தடவை அவர் மத்தியானம் வரை போனைக் கையிலேயே வைத்திருந்தார். தானே புயலில் மரமெல்லாம் சாய்ந்து கிடந்த அன்றைக்குக்கூட அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஐப்பசி மழையில் கரண்ட் இல்லாத ராத்திரி நீ போன் பண்ணினாயே. "அம்மா, வந்துடட்டுமா" என்று கேட்டாய். அந்த ஒரு வார்த்தைதான். நான் உடனே, "மாடி கட்டின கடன் முடியட்டும் தம்பி, இப்ப வந்தா நாலு பேர் என்ன சொல்லுவாங்க" என்றேன். என்ன ஆயிற்று, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். "என்ன சொன்னான்" என்று அப்பா கேட்டார். "மழையைப் பத்திக் கேட்டான்" என்றேன். இன்றுவரை அவருக்குத் தெரியாது. அடுத்த வாரமே சித்தி வீட்டு நிச்சயதார்த்தத்தில், என் பிள்ளைக்கு அந்த ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது, வரவே மாட்டான் என்று நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கோயிலில் நீ கண்ணை மூடி நின்றபோது அந்த ராத்திரிதான் எனக்கு ஞாபகம் வந்தது. அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. நான் சொன்னது தப்பு தம்பி.

கடனில் பெரும்பகுதியை நீயே கட்டிவிட்டாய். மீதிக்கு அப்பாவின் பென்ஷன் இருக்கிறது. என் காசுமாலை பீரோவில் சும்மாதான் கிடக்கிறது. மருமகளிடம் எதையும் கழற்றச் சொல்லாதே.

மாடி அறையில் இருந்த சாமான்களை எல்லாம் இறக்கியாயிற்று. எதற்கு என்று அப்பா கேட்டார், மழைக்கு முன்னால் வெள்ளை அடிக்கலாம் என்றேன். நேற்று அடித்து முடித்தார்கள். மின்விசிறி மட்டும் சத்தம் போடுகிறது, ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார். மஞ்சக்குப்பத்தில் குட்டிப்பயல் வயசுப் பிள்ளைகளுக்கு எப்போது வேண்டுமானாலும் பள்ளிக்கூடத்தில் சேர்த்துக்கொள்கிறார்களாம், விசாரித்து வைத்திருக்கிறேன்.

முந்திரியை டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வை. அந்த நீல நாடாவைக் குட்டிப்பயலிடமிருந்து வாங்காதே.

அன்புடன்,
அம்மா