வாய் திறக்காத பிள்ளை

மஞ்சக்குப்பம், கடலூர்

அன்புள்ள மல்லி,

நலம்தானே? போன் பண்ணினால் "கோர்ட்டில் இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் கடிதம். உமா பெண்ணுக்கு வரன் முடிந்துவிட்டது, நெய்வேலி மாப்பிள்ளை. ஜெயம் டீச்சர் நம் செட்டில் எல்லோரையும் விசாரித்தார், உன்னைத் தவிர. தேங்காய் விவகாரத்தை அவர் மறக்கவே மாட்டார் போலிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு பிள்ளை. காலை ப்ரேயரில் தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் சரி, தேசிய கீதத்துக்கும் சரி, வாய் திறப்பதில்லை. யெகோவாவின் சாட்சிகள் என்கிற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம், இப்படிப் பாடுவது அவர்கள் நம்பிக்கைக்கு ஆகாது. கை இரண்டையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு கொடிக்கம்பத்தைப் பார்த்தபடி நிற்பாள். பாடுகிற பிள்ளைகள் ஒருத்தி ஜடையை ஒருத்தி இழுத்துக்கொண்டிருப்பார்கள். இவள் அசைய மாட்டாள். பள்ளி திறந்த நாளிலிருந்தே இப்படித்தான், யார் கண்ணிலும் படவில்லை. போன வாரம் யாரோ ஒரு அப்பா வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார், தேசத்தை மதிக்காத பிள்ளையை வைத்திருக்கிறோமாம். அவ்வளவுதான். பி.டி. சாருக்குக் கோபம், தமிழய்யாவுக்கு அதைவிடக் கோபம், தாளாளருக்கு அடுத்த வருட அட்மிஷன் கவலை. "டி.சி. குடுத்து மரியாதையா அனுப்பிடுங்க டீச்சர்" என்கிறார்.

உன்னிடம் கேட்டால் ஃபீஸ் கேட்பாய் என்று நானே தேடிப் படித்தேன். பிஜோய் இம்மானுவேல் வழக்கு உனக்குத் தெரியாமல் இருக்காது. 1985, கேரளம், இதே மாதிரி மூன்று பிள்ளைகள். சட்டமன்றத்தில் ஒரு எம்.எல்.ஏ. கேள்வி கேட்டு, விசாரணை வைத்து, விசாரித்தவர்களே பிள்ளைகள் ஒழுங்கானவர்கள், எந்த அவமதிப்பும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்படியும் கல்வி அதிகாரி சொன்னார் என்று வெளியே அனுப்பியது யார் தெரியுமா? தலைமையாசிரியை. அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன் மல்லி. நானும் அந்த நாற்காலியில்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

கேரள உயர் நீதிமன்றம் கீதத்தை வரி வரியாகப் பார்த்து, யார் மதத்தையும் புண்படுத்தும் சொல் இதில் இல்லையே என்று தள்ளிவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, நீங்கள் பார்க்க வேண்டியது அதுவல்ல என்றார். அந்த நம்பிக்கை நம் புத்திக்கு ஒத்துவர வேண்டியதில்லை. அவர்கள் அதை மனதார நம்பினால் போதும். பாடுகிறவர்களைத் தடுத்தால்தான் தேசிய கௌரவத்தை அவமதிப்பதைத் தடுக்கும் 1971-ஆம் வருடச் சட்டப்படி குற்றம். எழுந்து நின்றாலே மரியாதை கொடுத்தாயிற்று. பேசும் உரிமைக்குள் பேசாமல் இருக்கும் உரிமையும் அடக்கம்.

இதே ரெட்டிதான் 1982-இல், அரவிந்தர் பெயரில் அமைந்த ஆரோவில் ஊரின் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொண்ட வழக்கிலும் இருந்தவர். பெரும்பான்மை நீதிபதிகள் அரவிந்தர் சொன்னது தத்துவம், மதமல்ல என்றபோது, அவரைப் பின்பற்றுகிறவர்களை மதப் பிரிவு என்றே சொல்லலாம் என்று தனியாக எழுதினார். ஆனாலும் ஊர் நிர்வாகத்தை அரசு எடுத்துக்கொள்வது மத உரிமையில் கைவைப்பது ஆகாது என்று அரசுச் சட்டத்தை ஏற்றுக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு மதத்தின் பக்கம் சாய்கிற ஆளில்லை அவர்.

மத உரிமை தருகிற அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உரிமையைச் சொல்வதற்கு முன்பே வேலியைச் சொல்லிவிடுகிறார்கள்: பொது ஒழுங்கு, ஒழுக்கநெறி, சுகாதாரம், மற்ற அடிப்படை உரிமைகள். இந்தப் பிள்ளை இதில் எதைத் தாண்டினாள், சொல்லு? எங்கள் தெருவில் ஆடி பிறந்ததிலிருந்து குழாய் ஸ்பீக்கர் ராத்திரி பதினொன்று வரை அலறுகிறது. பத்து மணிக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. அடுத்தவர் நிம்மதியைக் கெடுத்து, ஒலிபெருக்கி வைத்துக் கும்பிடச் சொல்லி எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-இல் சென்னைச் சபை ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொன்னது. காது கிழிகிறவன் புகார் கொடுக்க மாட்டேன் என்கிறான். சத்தமே போடாத பிள்ளை மேல் புகார். நல்ல ஊர் நம்ம ஊர்!

ஊர் என்றதும் அப்பர் ஞாபகம் வருகிறார். சமணத்தை விட்டு வந்தார் என்று பல்லவ ராஜா கல்லைக் கட்டிக் கடலில் போட, கல் மிதந்து நம்ம ஊர் திருப்பாப்புலியூரில் கரையேறினார் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதே ராஜா சைவனானதும் இங்கிருந்த சமண மடத்தை இடித்து, இடித்த கல்லைக் கொண்டுபோய்த் திருவதிகையில் கோயில் கட்டினான் என்றும் புராணம் சொல்கிறது. அதை மட்டும் யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.

தமிழய்யாவை ஒருவழியாகச் சமாளித்தேன். 2021 டிசம்பரில் அரசு தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்தபோது எல்லோரும் எழுந்து நிற்கத்தான் சொன்னது, இவள்தான் நிற்கிறாளே ஐயா என்றேன். முறைத்துக்கொண்டே போனார்.

நேற்று அந்தப் பிள்ளையின் அம்மா வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன், மல்லி. சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, "டி.சி.யில கான்டக்ட் நல்லதுன்னு போடுவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். அவளைப் பொறுத்தவரை முடிவாகிவிட்டது. எனக்கு வாயடைத்துப் போய்விட்டது.

டி.சி.யில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று தாளாளரிடம் சொல்லிவிட்டேன். அவரும் சும்மா இல்லை. "நாளைக்கு இன்னொரு பிள்ளை யூனிஃபார்ம்லயும் மதம்னு வந்து நின்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டார். கெட்டிக்காரக் கேள்விதான். வகுப்பில் ஹிஜாப் போடலாமா என்ற கர்நாடக வழக்கில் 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு பக்கம் போனார்களே. துலியா பிள்ளைகள் பக்கம் நின்று இதே பிஜோய் தீர்ப்பைத் தூக்கிப் பிடித்தார். ஹேமந்த் குப்தா அது வேறு, இது வேறு என்றார். பகலில் ஆபீஸ் ரூமில் இருக்கும்போது எனக்குக் குப்தா சொல்வது சரி என்று படுகிறது. ராத்திரி படுத்தால் துலியாதான் ஜெயிக்கிறார். நீ எந்தப் பக்கம்? வக்கீல் பதில் வேண்டாம், உன் பதிலைச் சொல்.

சனிக்கிழமை பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டம். தீர்ப்பிலிருந்து ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வாசிக்கப்போகிறேன். எந்தப் பத்திகளை எடுப்பது என்று வெள்ளிக்குள் போன் பண்ணிச் சொல்லிவிடு. ஃபீஸுக்கு ஓல்டு டவுன் நெத்திலிக் கருவாடு அரைக் கிலோ, உமா பெண் கல்யாணத்துக்கு வரும்போது வாங்கிக்கொள்.

உன்,
வசந்தா